முப்பது நாளும் பத்து நாழிகையும்: சென்னை – கோலாலம்பூர்ப் பயண வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன்னர்த் தமிழகத்திலிருந்து சிவாச்சாரியார்களும் நாதசுவர, தவில் கலைஞர்களும் மலேசியத் திருக்கோயில்களுக்கு வந்து சேர்கின்றனர். விடியலில் சென்னையில் நீராடி அனுட்டானம் முடித்துப் புறப்படும் ஒருவர், அன்று மாலை சாயரட்சைப் பூசைக்குக் கோலாலம்பூரில் அம்பாளின் சந்நிதியில் நிற்க முடிகிறது. வந்தவரும் வரவேற்றவரும் இதனை ஒரு வியப்பாகக் கருதுவதில்லை. இவ்வளவு எளிதாகிவிட்ட இப்பயணத்தின் பின்னே ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

சென்னை விமான நிலையத்திற்கும் சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் இடையே நேர்வழித் தூரம் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். மைல் கணக்கில் சுமார் 1,630. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் இத்தொலைவை மூன்று மணி நேரத்திற்குச் சற்று அதிகமான காலத்தில் கடந்துவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல், எதிர்க்காற்று ஆகியவற்றையும் சேர்த்தால் பயண நேரம் நான்கு மணி அளவில் அமைகிறது. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம் என்பது பழைய கணக்கு. அக்கணக்கின்படி இது பத்து நாழிகைப் பயணம்.

தூரம் சோழர் காலத்திலும் இதுவே. கடல் சுருங்கவில்லை, கரைகள் நெருங்கி வரவுமில்லை. குறைந்தது காலம் ஒன்றே. அக்காலம் குறைந்து வந்த கதையே மலேசியத் தமிழரின் கதை. இந்நாட்டுக் கோயில்கள் எழுந்த கதையும் அதனுள் அடங்கும்.

காற்றை நம்பிய காலம்

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இ-த்சிங் என்னும் சீனத் துறவி, தம் காலத்தில் இந்தியாவுக்குச் சென்ற பௌத்தத் துறவியரைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைத்துள்ளார். அவர்களுள் ஒருவர் கடாரத்திலிருந்து, அதாவது இன்றைய கெடா மாநிலப் பகுதியிலிருந்து, மேற்கு நோக்கி முப்பது நாள் கடலில் சென்று நாகப்பட்டினத்தை அடைந்தார் என்று அக்குறிப்பு கூறுகிறது. தமிழகக் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடைப்பட்ட பயணத்திற்கு நாள் கணக்குக் கூறும் மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

முப்பது நாள் என்பது காற்று ஒத்துழைத்தால் மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரக்கலங்கள் தமிழகத்திலிருந்து கிழக்கே வந்தன. வடகிழக்குப் பருவக்காற்று எழுந்த பின்னரே திரும்பிச் சென்றன. ஆகவே ஒரு வணிகன் போய்வர ஏறக்குறைய ஓராண்டு வேண்டியிருந்தது. காற்று மாறும் வரை காத்திருந்த வணிகர் தங்குவதற்கு இடமும், வழிபடுவதற்குத் தெய்வமும், தம் சொந்த மொழி பேசும் துணையும் தேவைப்பட்டன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவைக் குறிப்பிடுகிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் அக்காலத்துத் தொடர்புக்குச் சான்றாக நிற்கின்றன.

அக்கரையிலும் இதே நிலைதான். கடாரத்து அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில் இருந்தது. அதற்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அடுத்த தலைமுறையில், 1025ஆம் ஆண்டளவில், இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது. அவனது மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் ஊர்களுள் இலாமுரிதேசமும் மாநக்கவாரமும் உள்ளன. முன்னது சுமத்திராவின் வடமுனையான ஆச்சே. பின்னது நிக்கோபார்த் தீவுகள். நிலப்படத்தில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நேர்கோடு ஒன்று வரைந்தால், அது ஆச்சேயின் மேலாகச் சென்று பெரிய நிக்கோபாரின் தென்முனையை ஒட்டியே வங்கக் கடலைக் கடக்கிறது. சோழர் கலங்கள் கண்ட நிலங்களே இன்றைய வான்வழியின் கீழும் கிடக்கின்றன.

நீராவிக் கப்பலும் ஐந்து நாளும்

பாய்மரம் போய் நீராவி வந்த பிறகு காற்றுக்காகக் காத்திருக்கும் நிலை ஒழிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை கடல்வழி 1,300 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் செல்லும் கப்பலுக்கு இது நான்கரை நாள் ஓட்டம். ஐந்தாம் நாள் பினாங்கு, அங்கிருந்து மேலும் ஓரிரவுப் பயணத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம், இறுதியாகச் சிங்கப்பூர். சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் இவ்வரிசை, மலாயாத் தமிழர் பல தலைமுறைகளுக்கு மனப்பாடமாக அறிந்திருந்த வரிசையாகும்.

ரப்பர்த் தோட்டங்களும் இருப்புப் பாதைகளும் ஆட்களை அழைத்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டும் முறை அதன் பின்னரும் தொடர்ந்தது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்க வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின் கப்பலேற்றப்பட்டனர். நாகையில் பெருங்கப்பல்கள் கரையை அணைய இயலாது. கரையிலிருந்து படகேறி, அலையில் ஆடி, நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைய வேண்டும். தாய்மண்ணை விட்டுக் கால் எடுக்கும் அந்த முதல் அடியே அச்சம் தருவதாக இருந்தது.

அக்கப்பல்களுள் பெயர் பெற்றது ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்திற்காக 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணிகளுக்கு அறையுமில்லை, கட்டிலுமில்லை. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாய் விரித்த இடமே அவரவர் வீடு. அதே காலத்தில் கட்டப்பட்ட அதன் உடன்பிறப்புக் கப்பல் ‘ரோனா’, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் தாக்குதலுக்கு இரையாகி மூழ்கியது. ரஜூலா போரிலிருந்து மீண்டு தன் பழைய வழிக்கே திரும்பியது.

கப்பல் கரை சேர்ந்ததும் பயணம் முடிந்துவிடவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும், போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தொற்றுநோய்த் தடுப்பு முகாம்கள் இருந்தன. அம்மையோ வாந்திபேதியோ இல்லையென உறுதியான பின்னரே தோட்டத்திற்கு விடுவிப்பர். எனவே, ஐந்து நாட் பயணம் என்று ஏட்டில் எழுதப்பட்டது, ஊரில் வீட்டுப்படி இறங்கியது முதல் தோட்டத்து லயத்தின் படி ஏறியது வரை கணக்கிட்டால் பல வாரங்களாக நீண்டது.

கிள்ளான் துறையும் பிரிக்பீல்ட்ஸும்

கோலாலம்பூருக்கு வந்தோர்க்குக் கிள்ளானே தலைவாயில். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. ஆற்றின்மேல் பாலம் அமைந்தபின் 1890இல் அது கிள்ளானுக்கு நீண்டது. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அதுவே போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அப்பாதையின் மறுமுனையில் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ். நகரத்திற்குச் செங்கல் அறுத்துக் கொடுத்த சூளைகளால் பெயர் பெற்ற அவ்விடம், பின்னர் இரயில்வேப் பணிமனைகளாலும் ஊழியர் குடியிருப்புகளாலும் நிறைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும், கொழும்பு வழியாக வந்த யாழ்ப்பாணத்து எழுத்தர்களும், நிலைய அதிகாரிகளும் அங்கே அயலவராயினர். யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்தனர். நல்லூர்க் கந்தனை விட்டுப் பிரிந்து வந்தவர்கள் அப்பிரிவை ஆற்றிக்கொண்ட வழி அது.

தூரம் எழுப்பிய கோயில்கள்

இந்நாட்டுக் கோயில்கள் எழுந்த ஆண்டுகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைக் கா. தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தார் நிறுவியது 1873இல். இன்றைய இடத்திற்கு அது மாறியது 1885இல். பத்துமலைக் குகையில் முதல் தைப்பூசம் நடைபெற்றது 1892இல். கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் தோன்றியதும் அந்தப் பத்தாண்டிலேயே. அனைத்தும் விமானம் என்ற சொல் பெரும்பாலும் கோயிலின் கருவறைக் கோபுரத்தைக் குறித்த காலத்தில் எழுந்தவை.

தோட்டத்தில் பாடுபட்டவருக்குப் பழனி எட்டாத மலை. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாட்கூலி ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்பது நிர்ணயம். அக்கூலியில் மிச்சம் பிடித்துக் கப்பற்சீட்டு எடுத்து, ஊர் போய், நேர்த்திக்கடன் செலுத்தித் திரும்புவது பெரும்பாலோர்க்குக் கனவாகவே நின்றது. அக்கனவின் இடத்தில் பத்துமலை நின்றது. பழனிக்குப் போக முடியாத காவடிகள் பத்துமலைக்கு ஏறின. திருப்பதிக்குப் போக முடியாத உண்டியல் மஞ்சள் துணியில் முடியப்பட்டுக் கிள்ளான் பெருமாளிடம் சேர்ந்தது. கிள்ளான் கோயிலைத் தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று அன்பர்கள் அழைப்பதில் பெருமிதம் மட்டுமன்றி, ஒரு பழைய ஏக்கமும் ஒலிக்கிறது. இக்கோயில்கள் பக்தியால் எழுந்தவை. அப்பக்திக்கு அவசரம் தந்தது தூரம்.

செய்தி வந்து சேர்ந்த காலம்

மனிதர் சென்ற வேகத்திலேயே செய்தியும் சென்றது. ஊரில் தாய் மறைந்த செய்தியைத் தாங்கிய கடிதம் இங்கு வந்து சேர்கையில் அங்கே கருமாதி முடிந்திருக்கும். கடிதத்தைப் பிரித்த மகன் தோட்டத்து ஆற்றங்கரையில் தலைமுழுகி, கோயிலில் விளக்கேற்றி வைத்து, மறுநாள் வேலைக்குச் சென்றான். தந்தி வசதி இருந்தபோதும் அது கூலித் தொழிலாளிக்கு எளிதில் கைகூடியதன்று. கைகூடினாலும் கப்பல் தந்தியின் வேகத்தில் செல்வதன்று.

1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அதே கப்பல்களில் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. பின்னர்ப் போர் வந்தது. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. கடிகாரங்கள்கூடத் தோக்கியோ நேரத்திற்குத் திருப்பப்பட்டன. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரின் குடும்பங்களுக்கு, ஊரிலும் செய்தியில்லை, தோட்டத்திலும் செய்தியில்லை. அந்த மூன்றரை ஆண்டுக் காலத்தில் இரு கரைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கக் கணக்கே இல்லாமற்போயிற்று.

ஆகாய வழி திறந்தது

இவ்விரு கரைகளையும் வான்வழி ஒரே நாளில் இணைத்துவிடவில்லை. துண்டு துண்டாகவே இணைத்தது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைக் கொண்டு சேர்த்தார். 1933 டிசம்பரில் இங்கிலாந்தின் இம்பீரியல் ஏர்வேஸ் சேவை, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் வழியாகச் சிங்கப்பூர் வரை நீண்டது. 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகியவற்றைச் சிறு விமானங்களால் இணைத்தது. 1947இல் மலாயன் ஏர்வேஸ் தன் வழக்கமான சேவையைத் தொடங்கியது. 1954இல் ஏர் இந்தியாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் சிங்கப்பூருக்கு வரலாயின.

கோலாலம்பூரின் விமான நிலையம் அப்போது சுங்கை பீசியில் இருந்தது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க அது போதவில்லை. 1965 ஆகஸ்ட் 30ஆம் நாள் சுபாங் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் தென்கிழக்காசியாவின் மிக நீண்ட ஓடுபாதை என அதன் ஓடுபாதை போற்றப்பட்டது. எட்டு மாதங்கள் கழித்து, 1966 ஏப்ரலில், தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பல நாட்டு அறிஞர்கள் சில நாள் வந்து ஆய்வுரை வழங்கிவிட்டுத் திரும்ப இயன்றது வான்வழி வளர்ந்த காலத்தின் பயனே. வாரக்கணக்கில் கப்பலில் கழிக்க வேண்டியிருந்தால் அத்தகைய கூட்டத்தைக் கூட்டுவது எளிதாக இருந்திராது.

கடைசிக் கப்பல்கள்

ஆயினும் எளியவரின் வாகனமாகக் கப்பலே நீடித்தது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்னும் விதி வந்தபோது, பல்லாயிரம் தமிழர் இந்நாட்டை விட்டுச் சென்றனர். வாழ்நாள் முழுதும் உழைத்தும் தாளில் பதிவில்லாத காரணத்தால், தகரப் பெட்டியோடு வந்தவர் தகரப் பெட்டியோடு திரும்பினர். பலருக்கு ஊர் என்பது பெற்றோர் வாயால் கேட்ட பெயராக மட்டுமே இருந்தது. அவர்களுக்கு மட்டும் இந்தியா அருகில் வரவில்லை. மலாயாவே தொலைவில் போயிற்று.

ரஜூலா 1973இல் தன் சேவையை முடித்துக்கொண்டது. அதன் வழியைத் தொடர்ந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்து பல உயிர்களைப் பலிகொண்டது. அத்துடன் அப்பயணிக் கப்பற்சேவையும் முடிவுற்றது. இராசேந்திரன் காலத்துக்கும் முன்பிருந்து தொடர்ந்து வந்த ஒரு கடற்பயண மரபு அங்கே நின்றது.

சிப்பாங் காலம்

1998 ஜூன் மாதத்தில் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. 2001இல் பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2002 ஏப்ரல் முதல் அங்கிருந்து விமான நிலையத்திற்கு விரைவு இரயில் ஓடுகிறது. 57 கிலோமீட்டரை அது 28 நிமிடத்தில் கடக்கிறது. அன்று கிள்ளான் துறையில் இறங்கியவர்கள் தங்கள் உழைப்பால் இயக்கிய இரயில்வேயின் பணிமனை நிலமே, இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் சென்னைக்குப் புறப்படும் வாசல்.

2008 டிசம்பரில் மலிவுக் கட்டண விமானச் சேவை திருச்சிராப்பள்ளிக்குத் தொடங்கியது. நேர்வழியில் சென்னையைவிடத் திருச்சி அறுபது கிலோமீட்டரே அதிகத் தொலைவு. ஆயினும் மலேசியத் தமிழர் பலரின் பூர்வீக ஊர்கள் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் இருப்பதால், சென்னையிலிருந்து இரவு முழுதும் பேருந்தில் செல்லும் துன்பம் நீங்கியது. பயணத் தூரத்தை விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்திற்கு மட்டும் அளப்பது பாதிக் கணக்கே. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து புறப்பட்டு, முன்கூட்டியே நிலையம் சேர்ந்து, பறந்து, குடிநுழைவுச் சோதனை முடித்துச் சென்னை வீட்டை அடைய எட்டு ஒன்பது மணி நேரம் ஆகிறது. அப்படியும் அது ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்றும் கடல்வழி வருவோர் உளர். மாமல்லபுரம் முதலிய இடங்களில் வடிக்கப்படும் கருங்கல் விக்கிரகங்கள் அவற்றின் எடை காரணமாகப் பெரும்பாலும் கப்பலிலேயே வருகின்றன. சிற்பி விமானத்தில் வந்து காத்திருக்க, அவர் செதுக்கிய தெய்வம் பழைய பாதையில் வந்து போர்ட் கிள்ளானில் கரையேறுகிறது.

கடிகாரமும் பஞ்சாங்கமும்

தூரம் விட்டுச்சென்ற அடையாளம் ஒன்று கோயில்களில் இன்றும் உண்டு. அது நேர வேறுபாடு. 1981 முடிய மேற்கு மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டு மணி முந்தியிருந்தது. 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, வேறுபாடு இரண்டரை மணியாயிற்று. அதனால் காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்தும், சென்னைக் கடிகாரம் பத்தரை காட்டும்போது இறங்குகிறது. திரும்பி வருகையில் அதே பயணம் ஆறரை மணி நேரத்தை விழுங்கியது போல் தோன்றும்.

சூரியனின் கணக்கோ வேறு. இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் சுமார் இருபத்தொன்றரைப் பாகை வேறுபாடு உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகச் சூரியன் இங்கே சுமார் 86 நிமிடமே முந்துகிறது. ஆகவே தமிழகப் பஞ்சாங்கத்தைக் கையாள்வோர் இரண்டு கணக்கை வேறுபடுத்திக் காண வேண்டும். திதியும் நட்சத்திரமும் முடியும் கணம் உலகெங்கும் ஒன்றே. அதற்கு இரண்டரை மணி கூட்டினால் போதும். இராகு காலம், எமகண்டம் முதலியன சூரிய உதயத்தைப் பொறுத்தவை. அவற்றைக் கோலாலம்பூரின் உதயத்தைக் கொண்டே கணிக்க வேண்டும். இங்கே உதயம் காலை ஏழு மணியை ஒட்டி நிகழ்வதால், ஆறு மணி உதயத்தை வைத்து அச்சிட்ட நேரம் பொருந்தாது. விமானம் தூரத்தை வென்றாலும், ஆதவன் தன் கணக்கை விட்டுக் கொடுப்பதில்லை.

நெருக்கம் தந்த கடமை

பத்து நாழிகைப் பயணம் என்றும் நிலைத்திருக்கும் என எண்ணியோர்க்கு 2020ஆம் ஆண்டு ஒரு பாடமாயிற்று. கோவிட் பெருந்தொற்றால் அவ்வாண்டு மார்ச் மாதம் எல்லைகள் மூடப்பட்டன. இரு நாடுகளுக்கிடையே வழக்கமான பயணம் 2022 வசந்தத்தில்தான் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் தாய் தந்தையரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டு, இங்கேயே தலைமுழுகியவர் உண்டு. தோட்டத்து ஆற்றங்கரையில் கடிதத்தோடு நின்ற அந்த மகனின் துயரை மூன்றாம் தலைமுறை அன்றுதான் உணர்ந்தது. அப்போதும் அவர்கள் விளக்கேற்ற அருகில் இருந்தது, போக முடியாத காலத்தில் முன்னோர் எழுப்பி வைத்த கோயிலே.

இன்று பழனிக்கும் திருப்பதிக்கும் ஒரு வார விடுமுறையில் சென்று வரலாம். சென்று வருவதும் நற்பேறே. அதனால் பத்துமலையும் கிள்ளான் பெருமாளும் மாற்றுத் தலங்களாகிவிடுவதில்லை. எட்டாத தெய்வத்தை எட்டும் தொலைவில் எழுந்தருளச் செய்தவர்களின் உழைப்பு அங்கே கல்லாகவும் படியாகவும் நிற்கிறது. கப்பலில் வந்த பெரியவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் எந்தத் துறையில் ஏறினர், எத்தனை நாள் கடலில் இருந்தனர், முதன்முதலில் எந்தக் கோயிலில் கைகூப்பினர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்பது அந்தந்த ஊர் இளைஞர்க்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் உரிய திருப்பணி. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கலாம். நினைவுகள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

முப்பது நாளில் வந்தவரையும் ஐந்து நாளில் வந்தவரையும் பத்து நாழிகையில் வருபவரையும் ஒரே கருணையோடு வரவேற்கும் அன்னையின் திருவருள், இரு கரைகளிலும் வாழும் அன்பர் அனைவருக்கும் துணை நிற்பதாக.